காதில் ஒரு குறையும் இல்லை

காதில் ஒரு ஓட்டை இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரிய ஓட்டை வேண்டாம். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து கூப்பிடுவது கேட்க வேண்டும், பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்க வேண்டும். ஊசிமுனை அளவுக்கு ஒன்று போதும். டாக்டரம்மா காதுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, இந்தக் காதை வைத்துக்கொண்டு நீங்கள் கடலுக்குள் இறங்கவே கூடாது என்று சொல்கிற அளவுக்கு. அதை அப்படியே பெனிட்டாவிடம் சொல்லிவிடலாம். பாப்பா, எனக்கு வர ஆசைதான், டாக்டர் விடமாட்டேன் என்கிறார்கள். எவ்வளவு சுத்தமான வாக்கியம். அதில் நான் எங்குமே இல்லை. பெனிட்டா என் மகள், ஒரே மகள். அந்தமானில் ஒரு சின்னத் தீவில், கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வருகிறவர்களுக்கு சிலிண்டர் மாட்டிவிட்டு, சொல்லிக்கொடுத்து, கூடவே கூட்டிக்கொண்டு இறங்குகிறாள். வருகிற ஜனவரியில் நானும் வந்து அவளோடு இறங்குவதாகக் கோடையிலேயே சொல்லியிருந்தேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. போன மாதம் அந்தத் தீவைப் புயல் அடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பார்ப்போம், பார்ப்போம் என்றே போனை வைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அவளே, "அப்பா, நாளைக்காவது சொல்லிடுங்க, படகுக்கு ஆள் பேசணும்" என்றாள். அந்த நாளைதான் இன்று. ஸ்டெல்லா காலையில் தோசையைத் தட்டில் போடும்போது, "போறதுன்னா போங்க, போகலன்னா போகலன்னு சொல்லுங்க. நடுவுல நின்னுக்கிட்டு எங்க உயிர வாங்காதீங்க" என்றாள். எதற்கும் காதைக் காட்டிவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பி, தில்லைநகரில் இந்த கிளினிக்கில் வந்து உட்கார்ந்துவிட்டேன். காதில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஸ்டெல்லாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஒன்றும் சொல்லாமல் சட்னிக் கிண்ணத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் பச்சைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், வந்ததிலிருந்து பேச ஆள் தேடிக்கொண்டிருந்தவர், என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன சார், மூக்கா, தொண்டையா?" காது என்றேன். "கேக்கலயா?" என்று குரலைத் தூக்கினார். கேட்கிறது என்றேன். "வலிக்குதா?" இல்லை. "சீழு?" அதுவும் இல்லை. "அப்ப எதுக்கு சார் வந்து இந்தக் கூட்டத்துல உக்காந்துருக்கீங்க? எனக்கெல்லாம் மூணு வருஷமா உள்ள ரயில் ஓடுது" என்றார். எதிரில் மகளின் காதில் புளியங்கொட்டை போய்விட்டது என்று கூட்டி வந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை; கடலுக்குள் மூழ்கிப் பார்க்கப் போகலாமா என்று, அதற்குக் காது தாங்குமா என்று கேட்க வந்தேன் என்றேன். பெரியவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். வயிற்றில் கொஞ்ச நேரம் கண் நின்றது. "எந்தக் கடல்?" அந்தமான். "அங்கதானே சார் புயல் வந்துச்சு? டி.வி.யில காட்டுனான், கூரையெல்லாம் காகிதம் மாதிரி பறந்துச்சே." ஆமாம் என்றேன். "ஜனங்க செத்துக்கெடக்கற எடத்துல போயி என்ன சார் வேடிக்கை?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், உள்ளே ஓடும் ரயிலைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம். நான் ஒரு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தை முன்பின் தெரியாத ஒருவர் என் பக்கம் நின்று சொல்லிவிட்டாரே என்று.

ஜனங்கள் செத்துக் கிடக்கிற இடத்தில் போய் என்ன வேடிக்கை. சரிதானே? சரிதான். சொல்லிப் பார்த்தால் எந்தப் பக்கமும் இடறாத வாக்கியம். பிமல் என்று ஒரு படகோட்டி. பெனிட்டா எப்போதும் பிமல்தா என்பாள். வங்காளிகள் அண்ணன் என்பதற்கு அப்படி ஒரு தா சேர்த்துக்கொள்வார்களாம். அவள் முதன்முதலில் அந்தத் தீவுக்குப் போனபோது ஹிந்தியைத் தப்பும் தவறுமாகப் பேசுவதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவராம். மத்தியானத்தில் மீன் வறுத்தால் இவளுக்கு வால் பக்கம் பிடிக்கும் என்று எடுத்துவைப்பவராம். போனில் ஒருமுறை அவரே வாங்கி என்னிடம் ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவருக்கும் என் ஹிந்தி புரியவில்லை, இருவரும் அச்சா அச்சா என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். புயல் அன்று படகை இழுத்துக் கட்டப் போனவர் வரவில்லை. நேவியிலிருந்து வந்து தேடினார்கள், கிடைக்கவில்லை என்று பெனிட்டா சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த மனிதர் இன்னும் எங்கேயோ இருக்கிற தண்ணீரில் நான் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு, கலர் மீன் பார்க்க, கால் துடுப்பை ஆட்டிக்கொண்டு போவதா? மனிதன் என்று ஒருவன் செய்கிற காரியமா? என்று கேட்டுக்கொள்ளும்போதே உள்ளே இன்னொருவன் எழுந்து கை தூக்குகிறான். அப்படியானால் பெனிட்டா சொன்னது? அவள் சொன்னது வேறு. புயலுக்குப் பிறகு வருவதாக இருந்தவர்கள் எல்லோரும் வரவில்லை என்றுவிட்டார்கள், படகெல்லாம் கரையில் கிடக்கிறது, யாராவது வந்தால்தான் இங்கே எல்லோருக்கும் வேலை, வாங்கப்பா என்றாள். ஆக, போகாமல் இருப்பதும் ஒரு பாவம். போனால் ஒரு பாவம். இரண்டையும் தராசில் வைத்து நிதானமாக யோசிக்கிற நல்ல மனிதனைப்போல ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு தட்டை என் விரல் அழுத்திக்கொண்டிருக்கிறதே, அதை யார் பார்ப்பது? தொழிற்சாலையில் என் வேலை குழாய்களின் பற்றவைப்பை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து விரிசல் தேடுவது. முப்பது வருடமாக விரிசல் தேடியவனுக்கு ஒன்று தெரியும். தேடுகிறவன் மனம் வைத்தால் எந்தப் பிலிமிலும் ஒரு கோடு தெரியும். எது விரிசல், எது நகம் பட்ட கீறல் என்று சொல்வதற்குத்தான் சம்பளம். என்னுடைய இந்தத் தயக்கம் இரண்டில் எது என்று சொல்ல முடியவில்லை. புயல் வந்திராவிட்டால் நான் போயிருப்பேனா? கேள்வி அவ்வளவுதான். அதற்கு நேராக முகம் கொடுக்காமல் கூரைகளையும் படகுகளையும் பிமலையும் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறேன். புயல் வந்திராவிட்டால் வேறு ஏதாவது வந்திருக்கும். முதுகு பிடித்திருக்கும். ஆபீஸில் லீவு கிடைத்திருக்காது.

இத்தனைக்கும் ஒரு தடவை இறங்கியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் புதுச்சேரியில் இருந்தபோது. முதலில் நீச்சல் குளத்தில் பழக்கினாள். அப்புறம் படகு. படகு ஆடிய ஆட்டத்தில் காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. தண்ணீரில் விழுந்ததும் முகமூடிக்குள் உப்புத் தண்ணீர் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றி, வரவில்லை, தோன்றியதுதான், கையைக் காலை உதைத்து, வாயிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தேன். பெனிட்டா என் மார்புப் பட்டையை ஒரு கையால் பிடித்து, மற்றொரு கையால் குழாயை என் வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் கண்ணையே பார்த்தாள். திட்டவில்லை, சிரிக்கவில்லை. ஒரு வேலைக்காரியின் பார்வை; அதாவது வேலை தெரிந்தவளின் பார்வை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டில் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு முறுக்குத் தின்கிறவள் இல்லை அது. அப்புறம் மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லி ஜாடை காட்டினாள். ஊதினேன். காதுக்குள் டப்பென்று ஏதோ திறந்தது. இறங்கினோம். கீழே மணல், ஒரு பாறை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மீன்கள். அதில் ஒன்று என் முழங்கைக்கு எதிரில் வந்து நின்று, அதை வாங்கலாமா வேண்டாமா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது நடந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, ஸ்டெல்லாவிடம்கூட. என் தலைக்குள் யாரும் பேசவில்லை. கேஸை மூடினோமா, போனவன் ஏன் அப்படிச் சொன்னான், நாளைக்கு என்ன ஆகும், நான் கேட்டது தப்பா, ஒன்றும் இல்லை. மூச்சு போகிற சத்தம், மூச்சு வருகிற சத்தம். ஐம்பது வருடம் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் திடீரென்று கரண்ட் போனது மாதிரி. மேலே வந்து படகில் ஏறியதும் எல்லாக் குரல்களும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தன. எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். "நல்லா இருந்துச்சு" என்றேன். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல. சரி, அவ்வளவு நன்றாக இருந்தது என்றால் போக வேண்டியதுதானே? அதுதான் பயமாக இருக்கிறது. அங்கே கூரையில்லாமல் கிடக்கிறவர்களுக்கு நடுவில், எனக்கு அந்த நிம்மதி வேண்டும் என்று கேட்பது என்ன வகை ஆசை? அப்புறம் இன்னொரு பயம், இதைவிடக் கேவலமானது. இந்தத் தடவை அந்த மௌனம் வராவிட்டால்? கலங்கிய தண்ணீர், அடியில் பெயர்ந்து கிடக்கும் தகரம், அறுந்த வலை, மரம், அதற்கு நடுவில் ஒரு கை. இல்லை. கையை நான்தான் மனதில் அங்கே வைத்தேன். கை எதுவும் இருக்காது. இதற்குள் மீன்கள் தின்று, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறேன்.

புளியங்கொட்டைக் குழந்தை உள்ளே போயிருக்கிறது. அழுகிறது. சின்ன வயதில் பெனிட்டாவின் அழுகையும் அப்படித்தான், மேலே மேலே ஏறிப்போய் ஒரு இடத்தில் மூச்சு நிற்கும். ஒரு வருடம் கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி அவளுக்குக் காது வலி. அவளுக்கு ஏழு வயது. மறுநாள் விடிவதற்குள் பஸ் பிடித்து வேளாங்கண்ணி போவதாக இருந்தோம், நாங்களும் எதிர்வீட்டு லூர்துசாமி குடும்பமும். ஸ்டெல்லா புளிச்சோறு கட்டி வைத்துவிட்டாள். குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு கதறுகிறது. நான் எரிந்து விழுந்தேன். கடைசியில், நீங்கள் போங்கள், நாங்கள் அடுத்த வாரம் வருகிறோம் என்று லூர்துவிடம் சொல்லிவிட்டு, காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரைத் தேடி அலைந்தேன். அன்றைக்குத்தான் சுனாமி, கடல் ஊருக்குள்ளே வந்தது. லூர்துவும் சம்சாரமும் திரும்பி வந்தார்கள், இரண்டு பிள்ளைகள் இல்லாமல். செய்தி தெரிந்த நிமிடத்தில் நான் முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடித்து எழுந்தபோது ஜன்னல் வழியாகப் பூட்டிய எதிர்வீடு தெரிந்தது. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் பிள்ளைக்குக் காது வலி கொடுத்த மாதா அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவலியாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்கக்கூடாது. கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும், எந்த மூலையிலாவது ஒரு காது வலி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் கிளம்புகிறேன். செருப்பு வார் அறுந்தாலும், பால் திரிந்தாலும், இதுதானோ, இதைக் கவனிக்க வேண்டுமோ என்று நிற்பேன். இத்தனை பெரிய புயலைக் காட்டியும் கவனிக்காமல் போகிறவனை என்ன சொல்வார்கள்? இப்படித்தான் யோசனை போகிறது. செக்குமாடு மாதிரி சுற்றி வந்து அதே இடத்தில். கடலுக்குள் குழந்தையைப் போகவிடக் கூடாது என்று அந்த வருடமே நான் தீர்மானித்திருந்தால், அவள் போயே இருக்கமாட்டாள் என்றா? போயிருப்பாள். கடலைப் பார்க்கவே பயந்த அப்பனுக்குப் பிறந்த பிள்ளை, வேறு எங்கே போகும்?

"ஆரோக்கியசாமி!" என்று கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கடலுக்குள் இறங்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வலது காதில் விளக்கை வைத்து மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார். ஊதினேன். "அருமை" என்றார். இடது காது. "ரொம்ப அருமை. சவ்வு எப்படி அசையுது தெரியுமா? இருவது வயசுப் பையன் காது மாதிரி இருக்கு சார்." எனக்கு நாற்காலி கொஞ்சம் கீழே இறங்கியதுபோல இருந்தது. எதற்கும் இன்னொரு தடவை பாருங்கள் டாக்டர், இடது பக்கம் சில சமயம் அடைக்கிற மாதிரி என்றேன். எப்போது என்றார். விமானத்தில் என்றேன். நான் விமானத்தில் ஏறியே பல வருடமாகிறது. அவர் மறுபடியும் பார்த்தார், பொறுமையாக, அழகாக. விளக்கை அணைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காதுல ஒரு குறையும் இல்ல சார். நல்லா இருக்குன்னு சொன்னா நம்புறதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க?" என்றார். அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

வெளியே வெயில். ஸ்கூட்டர்களுக்கு நடுவில் என் வண்டியைத் தேடுகிறேன், கண்ணெதிரே இருக்கிறது, தேடுகிறேன். இனிக் காது இல்லை. பச்சைச் சட்டைப் பெரியவர் கொடுத்த வாக்கியம் மட்டும்தான் கையில் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுவது. இப்போதே, தைரியம் இருக்கும்போதே, கோழைத்தனத்துக்கும் தைரியம் வேண்டியிருக்கிறது, பெனிட்டாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அந்தப் பக்கம் யாரோ தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம். "சொல்லுங்கப்பா. அம்மா சொன்னாங்க, காது டாக்டர்கிட்ட போயிருக்கீங்கன்னு. என்னவாம்?" நல்லா இருக்காம் என்றேன். "சூப்பர்" என்றாள். அப்புறம் நான் தொடங்கினேன். பாப்பா, நான் யோசிச்சேன், அங்க ஜனங்க வீடு வாசல் இல்லாம கெடக்கறப்ப, அந்தப் பிமல் மாதிரி ஒரு மனுஷன் போய்ச் சேந்த தண்ணியில, நாம போயி மீன் பாக்கறதுங்கறது. அதற்குமேல் வாக்கியம் நகரவில்லை. ஆணி அடிப்பது மட்டும் கேட்டது. "அப்பா, எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. படகுல ஏறி, சிலிண்டர் மாட்டி, விளிம்புல கால் போட்டு உக்காந்தப்புறம்கூட, ஒருத்தர் இன்னிக்கு நான் எறங்கலன்னு சொல்லிட்டா அவ்வளவுதான். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. கேட்டோம்னா, அடுத்த தடவை காரணம் கெடைக்காம, பயந்துக்கிட்டே எறங்கிடுவாங்க. அதனால கேக்கறதே இல்ல. நீங்க வரலன்னா வரலன்னு மட்டும் சொல்லுங்க. நான் கேக்கமாட்டேன், சத்தியமா. ஆனா பிமல்தாவ இதுல இழுக்காதீங்கப்பா." கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னாள். என் காது சுட்டது. காரணம் வேண்டாம் என்றால் நான் எதைச் சொல்வேன்? என்னிடம் வேறு என்ன இருக்கிறது? "பயமா இருக்கு பாப்பா" என்றேன். நடுத்தெருவில், ஒரு ஸ்கூட்டர்க்காரன் வழி கேட்டு ஹாரன் அடிக்க, ஐம்பத்தைந்து வயதில். "எனக்கும்தான்" என்றாள்.

உனக்கு என்ன பயம் என்று கேட்க வாயெடுத்து, கேட்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து நின்றேன். அவளே சொன்னாள். "நேவிக்காரங்க வர்றதுக்கு நாளாச்சுப்பா. அதுக்குள்ள நாங்கதான் எறங்கித் தேடுனோம். நானும். உங்ககிட்ட சொல்லல. தண்ணி முழுக்கச் சேறு. கைய நீட்டுனா கை தெரியல. கயித்தப் புடிச்சுக்கிட்டு அடியில தடவித் தடவிப் போனோம். ஒரு எடத்துல கையில ஒரு சட்டை மாட்டுச்சு. வெறும் சட்டைதான்பா, உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா அது தெரியறவரைக்கும்." நிறுத்தினாள். "அன்னிக்கு மேல வந்தவதான். இன்னும் எறங்கல. சளி புடிச்சுருக்கு, காது அடைக்குதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. நானாத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்." எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டேன், அது நன்றாகச் சுட்டது, பிடித்துக்கொண்டே இருந்தேன். "இதுல தனியா யாரும் எறங்க முடியாதுப்பா, ஜோடி வேணும். இங்க யார்கூட எறங்குனாலும் நான் தைரியமா இருக்கணும். உங்ககூடன்னா..." என்றாள். "என்கூடன்னா ரெண்டு பேரும் நடுங்கலாம்" என்றேன். சட்டென்று சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். "ரஷீத் பாய் கூட வருவாரு. எங்க எல்லாருக்கும் சீனியர். ஆழம் இல்லாத எடம்தான். பயப்படாதீங்க. சரி, பயப்படுங்க." படகிலே ஏறின பிறகு நான் வேண்டாம் என்றுவிட்டால் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் படகுலயே உக்காந்து பூரி தின்னுட்டு வந்துடுவோம்." நீ வேண்டாம் என்றுவிட்டால்? மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். "வர்றேன் பாப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. உடனே தலைக்குள் அத்தனை குரல்களும் எழுந்தன, புத்தி இருக்கிறதா, பயந்தவளும் பயந்தவனும் சேர்ந்தா கடலுக்குள், ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வாய், அந்தச் சட்டை, அந்தச் சட்டை அவளுடைய கையில் மாட்டிய அந்த நிமிடத்தில் நீ இங்கே என்ன செய்துகொண்டிருந்தாய், டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாயா, தோசை தின்றுகொண்டிருந்தாயா. "அப்பா?" என்றாள். இருக்கேன் என்றேன். "அம்மாகிட்ட சட்டையப் பத்திச் சொல்லாதீங்க." சொல்லமாட்டேன் என்றேன். அந்தப் பக்கம் ஆணி அடிப்பது நின்றது. யாரோ தூரத்திலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை. "கூப்புடுறாங்கப்பா, கூரைய ஏத்தணும்" என்றாள். போ என்றேன். சரி என்றாள். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.